பதின்மூன்றாவது சேனல்

"இன்றைக்கும் வைஃபை வரவில்லை தம்பி" என்று மதினி போனில் சொல்லும்போதெல்லாம், "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தீர்களா?" என்றுதான் நான் கேட்பேன். ஆறு மாதமாக இதே கேள்வி. அவரும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்: "பார்த்தேன். சில நேரம் அப்படிச் செய்தால் வந்துவிடுகிறது. சில நேரம் நன்றாக இருந்ததும் போய்விடுகிறது." விடை முழுவதும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது. நான்தான் காதில் வாங்காமல் விட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். இதே கோளாறு வேறு வீடுகளிலும் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அது என்னவென்று தெரியாமல் நல்ல மடிக்கணினிகளைக் கடைக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு உதவட்டும் என்பதும் ஒரு காரணம்.

அண்ணன் வீடு ஆரியங்காவில் இருக்கிறது. செங்கோட்டையில் பஸ் ஏறி, புளியரை தாண்டி, எஸ் வளைவில் மூச்சுவாங்க ஏறி, கோட்டைவாசலைக் கடந்தால் கேரளம். பலகையில் எழுத்து மாறும், கடையில் தொங்கும் வாழைக்குலை மாறும், பேச்சு மட்டும் சட்டென்று மாறிவிடாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதுதான் செங்கோட்டை தமிழ்ப் பக்கம் வந்தது. கோடு போட்டார்களே தவிர, கொண்டான் கொடுத்தான் உறவுகளை யாராலும் பிரிக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்திலேயே பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம்.

மதினிக்கு இரண்டு மொழியும் கைவந்தவை. பள்ளியில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். அதையே தொழிலாக்கிக்கொண்டார். நிலப் பத்திரங்களையும் வாரிசுக் காகிதங்களையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றித் தருகிறார். மலையாளத்தில் பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர். தமிழில் ஆதாரம் என்றால் சான்று. இந்த ஒரு சொல்லை அப்படியே விட்டுவிட்டால் ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கே குழம்பிவிடும் என்பார். அப்படிச் சொல்லுக்குச் சொல் பார்த்து வேலை செய்கிறவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, நாள் கடந்தால் கூலி குறையும். அவருக்கு இணையம் இல்லாத நாள், வேலை இல்லாத நாள்தான்.

மடிக்கணினியைக் கொடுத்தவர் அவருடைய தம்பி. அமெரிக்காவில் வாங்கிப் பயன்படுத்தியதை, விடுமுறைக்கு வந்தபோது அக்காவுக்கென்று விட்டுப்போனார். பழுதில்லாத, கனமான, நல்ல பொருள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் இதற்குத்தான் வரப்போகிறோம்.

கோளாறு இதுதான்: திரையின் ஓரத்தில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டின் பெயர் தெரியும், எதிரே சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடுகிறவர்களின் பெயர் தெரியும், சொந்த வீட்டின் பெயர் மட்டும் இருக்காது. அதே நேரத்தில், அதே மேசையில், அவருடைய கைபேசி அந்த வைஃபையில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். இணைப்புக் கொடுத்த நிறுவனத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தார். கைபேசியில் ஓடுகிறதே, எங்கள் பக்கம் பழுதில்லை, லேப்டாப்பைக் கடையில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் மடிக்கணினியை முழுவதுமாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். கடையில் அவருடைய வைஃபையில் நன்றாகவே ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு வாரம் ஓடியது, எட்டாம் நாள் மறுபடியும் பெயரைக் காணோம். அழித்ததில் முடிக்காமல் வைத்திருந்த ஒரு பாகப் பிரிவினைப் பத்திரமும் போயிற்று. நாற்பது பக்கம். மதினி மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார்.

மழையால்தான் என்றார் அண்ணன். ஆரியங்காவுக் கணவாயில் ஜூன், ஜூலையில் அடிக்கும் காற்றையும் சாரலையும் பார்த்தவர்கள் எதற்கும் மழையைத்தான் காரணம் சொல்வார்கள். ஆனால் ஒரு வீட்டுக்குள் ஐந்தாறு மீட்டர் போக வேண்டிய வைஃபை அலையை வெளியே பெய்யும் மழை ஒன்றும் செய்துவிடாது. தடிமனான ஈரச் சுவர் கொஞ்சம் உறிஞ்சும், தகரக் கூரை திருப்பி அடிக்கும். அப்போதுகூடக் கோடுகள் குறையுமே தவிர, பெயரே மறைந்துபோகாது.

ஜூலையில் மூன்று நாள் அங்கே போய்த் தங்கினேன். கோட்டைவாசலைத் தாண்டியதும் வழக்கம்போலக் கைபேசி தமிழ்நாட்டை விட்டுக் கேரளத்தைப் பிடித்துக்கொண்டது. ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் இந்த இடத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் போனை அணைத்து வைப்பார்கள். இப்போது யாருக்கும் அந்தக் கவலை இல்லை. ஒரு கோட்டைத் தாண்டினால் கருவியின் நடத்தை மாறும் என்பது எல்லை ஊர்க்காரனுக்குப் பழகிய சங்கதி. ஆனாலும் மதினியின் மடிக்கணினி விஷயத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

போன அன்றே கோளாறு கண்ணெதிரே நடந்தது. காலையில் ஓடிக்கொண்டிருந்த வைஃபை பத்தரை மணிக்குக் கரண்ட் போய் வந்த பிறகு மடிக்கணினியில் தெரியவில்லை. இந்தத் தடவை எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். பழுது பார்ப்பதில் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, பார்ப்பதற்கு முன்பே மாற்றிவிடுவது. 'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு' என்ற பொத்தானை அழுத்துவது, வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்குவது, ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியைக் குத்துவது என்று ஒரே மூச்சில் நான்கைச் செய்துவிட்டால், பிறகு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி வரும்.

முதலில் என் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன். மடிக்கணினி அதை உடனே பிடித்துக்கொண்டு ஓடியது. ஆக, அதிலுள்ள வைஃபை அட்டை உயிரோடுதான் இருக்கிறது. விமானப் பயன்முறை போன்ற எதுவும் தவறிப்போய் அழுத்தப்படவில்லை. வீட்டு ரவுட்டரை என் கைபேசியும் பிடித்தது. ஆக, ரவுட்டரும் பேசுகிறது. இரண்டும் நலம், ஒன்றை ஒன்று மட்டும் காணவில்லை. மாமியார் மருமகள் மாதிரி என்றார் அண்ணன்.

பெயரே தெரியாத கோளாறு வேறு, பெயர் தெரிந்தும் இணையம் வராத கோளாறு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலானவர்களின் நேரம் வீணாகிறது. பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் இணைப்பு விவரத்தில் ஐ.பி. முகவரியை, அதாவது வலையில் கருவிக்குக் கிடைக்கும் எண்ணை, பார்க்க வேண்டும். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டர் முறையாக முகவரி கொடுத்திருக்கிறது என்று கொள்ளலாம். 169.254 என்று தொடங்கினால், கேட்டும் முகவரி கிடைக்காமல் மடிக்கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது ஆராய வேண்டியது ரவுட்டருக்கும் அதற்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலை. முகவரி சரியாக இருந்து, இணையத்திலுள்ள 8.8.8.8 போன்ற முகவரி எண்ணைத் தொட முடிந்து, தளங்களின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில். தூக்கத்திலிருந்து எழுப்பினால் மட்டும் வைஃபை வரவில்லை என்றால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்த அட்டையை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிப் பார்க்கலாம். இவை எதுவும் மதினிக்கு வேண்டியவை அல்ல. அவருடைய கோளாறு இந்தப் படிக்கட்டில் முதல் படிக்கும் கீழே, வாசலிலேயே இருந்தது.

மதினி அடுக்களையிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் கட்டன் சாயாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காலண்டரைப் பாருங்கள் தம்பி" என்றார்.

எல்லை வீடுகளில் இரண்டு காலண்டர் தொங்கும். நாள்தோறும் கிழிக்கிற தமிழ்க் காலண்டர் ஒன்று, மாதத்துக்கு ஒரு தாளாகத் தொங்கும் மலையாளக் காலண்டர் ஒன்று. மலையாளக் காலண்டரில் கட்டங்கள் பெரியவை; பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் அதில்தான் எழுதப்படும். அந்தக் கட்டங்களின் மூலையில் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்துகள். 'க' என்றால் கரண்ட் போய் வந்தது. 'வ' என்றால் வைஃபை மறைந்தது. மார்ச்சிலிருந்து குறித்து வைத்திருந்தார். தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். 'க' இருந்து 'வ' இல்லாத நாள்கள் உண்டு. ஆனால் முதல் நாளோ அன்றோ 'க' இல்லாமல் 'வ' மட்டும் புதிதாக வந்த நாள் ஒன்றுகூட இல்லை. மழை கொட்டியும் கரண்ட் போகாத நாள்களில் கட்டம் சுத்தமாக இருந்தது. இரண்டு முறை வந்த ஆளிடமும் கடைக்காரரிடமும் இதைச் சொன்னாராம். "இன்வெர்ட்டர் போடுங்கள் சேச்சி" என்று பதில் வந்ததாம். என்னிடமும் சொல்லியிருக்கிறார். நான் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னேன்.

கரண்ட் போய் வந்தால் மடிக்கணினிக்கு ஒன்றும் ஆவதில்லை, அதில் பேட்டரி இருக்கிறது. மாறுவது ரவுட்டர். அணைந்து எழும்போது அது புதிதாகச் செய்யும் வேலை என்ன? சேனலைத் தேர்ந்தெடுப்பது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

சேனல் என்றால் என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த வீட்டிலிருக்கும் ரவுட்டர், பல வீடுகளில் இருப்பதைப் போல, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை என்ற அலைவரிசைத் தொகுதியில் மட்டும் பேசுவது. இந்தப் பட்டையை அமெரிக்காவில் 1985-லேயே உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டார்கள். வைஃபைக்கான முதல் தரநிலை 1997-இல் வந்தது. இந்தியாவில் உரிமம் தேவையில்லை என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. பட்டையை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்; அப்படிப் பிரித்த ஒவ்வொரு துண்டும் ஒரு சேனல். முதல் சேனலின் நடுப்புள்ளி 2412 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் 13-ஆம் சேனல் 2472. ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் அகலம் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஏறாமல் இருக்க 1, 6, 11 என்று இடைவெளி விட்டுப் பயன்படுத்துவது வழக்கம்.

இந்தியாவில் 13 சேனல்களும் செல்லும். அமெரிக்காவுக்கென்று செய்யும் கருவிகளில் பெரும்பாலும் 11-தான். அங்கே 12, 13 அடியோடு தடை செய்யப்பட்டவை அல்ல, ஆனால் 2483.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அடுத்த பட்டைக்குள் அலை கசியக்கூடாது என்று கடுமையான விதி இருக்கிறது. ஓரத்துச் சேனல்களில் சக்தியைக் குறைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவதைவிட அவற்றை மூடிவிடுவதே எளிது என்று தயாரிப்பாளர்கள் 11-உடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஜப்பானில் 14-ஆம் சேனலும் உண்டு, அதுவும் பழைய முறைக்கு மட்டும். மண்ணில் இருப்பதைப் போலவே காற்றிலும் நாட்டுக்கு நாடு வேலி இருக்கிறது.

எந்த நாட்டு விதிப்படி நடக்க வேண்டும் என்பதைச் சில வைஃபை அட்டைகள் சுற்றியுள்ள ரவுட்டர்கள் அறிவிக்கும் நாட்டுக் குறியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். வேறு சில அட்டைகளில் நாட்டைத் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டது எங்கே போனாலும் பிறந்த ஊர்ச் சட்டத்தின்படியே நடக்கும். 12-இலும் 13-இலும் யாராவது பேசுகிறார்களா என்று அது காது கொடுத்துக்கூடக் கேட்காது. விண்டோஸ் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றினால் தேதி எழுதும் முறையும் நாணயக் குறியும் மாறும். இத்தகைய அட்டை மாறாது. கடைக்காரர் அதைத்தான் மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கிறார். எந்த வட்டை அழித்து எதை ஏற்றினாலும் அட்டையில் பதிந்தது அப்படியே இருக்கும்.

கைபேசியில் சேனல்களைக் காட்டும் ஒரு இலவசச் செயலியை இறக்கினேன். பக்கத்து வீட்டு சேச்சியின் ரவுட்டர் 6-இல் இருந்தது. எதிரே அறை விடுகிறவர்களுடையது 11. எங்கள் ரவுட்டர் 13.

சேனலைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் அமைப்பில் அது விடப்பட்டிருந்தது. எழும்போதெல்லாம் சுற்றிலும் கேட்டுப் பார்த்து, சத்தம் குறைந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் 6, மேலே 11. மிச்சமிருப்பது இரண்டு ஓரங்கள்தான். 1-இல் உட்கார்ந்தால் மதினிக்கு வேலை நடக்கும், 13-இல் உட்கார்ந்தால் நடக்காது. சில நேரம் ஆஃப் செய்து ஆன் செய்தால் வரும், சில நேரம் இருந்ததும் போகும் என்று அவர் சொன்னது எழுத்துப் பிசகாமல் சரி.

இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. ரவுட்டரைக் கவிழ்த்து, டார்ச் வெளிச்சத்தில் அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். பல்லி எச்சத்துக்கு அடியில் 192.168.1.1 என்ற முகவரியும் உள்ளே போவதற்கான கடவுச்சொல்லும் இருந்தன. கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வயர்லெஸ் பகுதியில் சேனல் என்ற இடத்துக்குப் போனேன். மதினி மடிக்கணினியின் முன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தானியங்கி என்பதை எடுத்துவிட்டு 1 என்று வைத்துச் சேமித்தேன். ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்து, மறுபடி துடிக்கத் தொடங்கியது. அரை நிமிடம்.

"வந்துவிட்டது."

11 வைத்தேன். வந்தது. 12 வைத்தேன்.

நெடுநேரம் பதில் இல்லை. "பக்கத்து வீடு இருக்கிறது, எதிர் வீடு இருக்கிறது, நம் வீடு இல்லை" என்றார் மெதுவாக.

13. இல்லை. மறுபடி 11. இருக்கிறது. மூன்று சுற்று இப்படிப் போய் வந்தோம். இரண்டாம் சுற்றில் நான் எண்ணைச் சொல்லாமல் மாற்றினேன். திரையைப் பார்த்து அவரே கண்டுபிடித்துச் சொன்னார். "இப்போது பதினொன்றுக்கு மேலே போயிருக்கிறீர்கள்." அவர் குரலில் இருந்தது சந்தோஷம் மட்டும் அல்ல. நாலு மாதமாகச் சொல்லிவந்ததற்குச் சாட்சி கிடைத்த நிம்மதி.

கடைசியில் 1-இல் நிறுத்தினேன். 11-இல் எதிர் வீட்டுக்காரரோடு முட்டிக்கொள்ள வேண்டாம். சில ரவுட்டர்களில் நாடு என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை அமெரிக்கா என்று மாற்றினால் 12-க்கும் 13-க்கும் போகாதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு பேசலாம் என்பது அந்த அமைப்பைப் பொறுத்தது. இருக்கிற நாட்டையே அதில் வைத்திருக்க வேண்டும். சேனலை நிலையாக வைத்தாலே போதும். புதிதாக வாங்குகிறவர்கள் 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்த ரவுட்டர் வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டாது. வீட்டில் நடுச்சுவர் தடிமனாக இருந்தால் பின்கட்டு வரை அது எட்டுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்தச் செலவு ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் கடைக்குக் கொடுத்த பணமும், தாமதத்துக்காகக் குறைந்த கூலியும், அழிந்துபோன நாற்பது பக்கமும் கணக்கில் சேராதவரை.

யாராவது கேட்டிருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. வந்தவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்ல. ஆனால் எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள், அந்தப் பெட்டியோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கவில்லை. ஒரு பத்திரத்தில் 'ஆதாரம்' எங்கே பத்திரம், எங்கே சான்று என்று பிரித்து எழுதுகிறவருக்கு, எது மழையால் வருவது, எது கரண்டால் வருவது என்று பிரிக்கத் தெரியாதா? சேனல் என்ற சொல் மட்டும்தான் அவரிடம் இல்லாமல் இருந்தது.

புறப்படும் அன்று காலையில் ரவுட்டரின் தலையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக 1, அதன் கீழே தமிழிலும் மலையாளத்திலும் 'மாற்றக்கூடாது'. மலையாளத்தில் முதலில் வேறு சொல் எழுதி, அடித்துத் திருத்தியிருந்தார்.

ஆகஸ்ட் பத்து வாக்கில் காலண்டரைப் படம் எடுத்து அனுப்பினார். காற்று அடித்த வாரம் போலிருக்கிறது. ஒரே கட்டத்தில் மூன்று 'க' இருந்தன, அடுத்த கட்டத்தில் இரண்டு. 'வ' எங்கும் இல்லை. அந்த நாற்பது பக்கப் பத்திரம் முடிந்த தேதியை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.